ஆராய்ச்சி மணியும் நீதிமன்றக் கட்டணமும்

மனுநீதிச் சோழனின் அரண்மனை வாயிலில் தொங்கிய ஆராய்ச்சி மணிக்குக் கட்டணம் ஏதும் இருந்ததில்லை. கன்றை இழந்த பசு மணியை அசைத்தது, மன்னன் வந்தான். சிலம்பேந்தி நின்ற கண்ணகியிடமும் பாண்டியனின் வாயிலோன் பொருள் கேட்டானல்லன். முறையீட்டைக் கேட்பது அரசின் கடமை என்பதே இவ்விரு கதைகளின் உட்பொருள்.

இன்றைய நீதிமன்றம் அவ்வாறு இயங்க இயலுமா? நீதிபதிக்கு ஊதியம் வேண்டும், எழுத்தர் வேண்டும், கட்டடம் வேண்டும். வழக்கிடுவோரே செலவில் ஒரு பங்கை ஏற்பது முறை என்பர் சிலர். கட்டணம் வீண் வழக்குகளைத் தடுக்கும் என்றும் கூறுவர். இவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆயின், தடுக்கப்படுவது வீண் வழக்கா, ஏழையின் வழக்கா என்ற வினா உடனே எழுகின்றது.

இவ்வினாவுக்கு இங்கிலாந்தில் விடை கிடைத்தது. 2013ஆம் ஆண்டில் அந்நாட்டரசு தொழிலாளர் தீர்ப்பாயங்களில் கட்டணம் விதித்தது. சிலவகை வழக்குகளுக்கு அது 1,200 பவுன் வரை உயர்ந்தது. வழக்குகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழாகச் சரிந்தது. தொழிற்சங்கம் ஒன்று தொடுத்த வழக்கில், 2017 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அக்கட்டணம் தொடக்கம் முதலே சட்டத்திற்குப் புறம்பானது எனத் தீர்ப்பளித்தது. ஒருவர் பெறும் தீர்ப்பு அவருக்கு மட்டும் பயன்படுவதன்று. வழக்கே தொடுக்காத பல்லாயிரவரையும் அது காக்கின்றது என்பது அத்தீர்ப்பின் சாரம். கட்டணம் கூடாது என்று அது கூறவில்லை. கதவை அடைக்கும் கட்டணமே கூடாது என்றது.

தொகையின் அளவு ஒருபுறமிருக்க, சரியான தொகை எதுவென அறிவது மற்றொரு சிக்கல். மலேசியாவில் உயர் நீதிமன்றத்திற்கும் கீழ் நீதிமன்றங்களுக்கும் தனித்தனியே இருந்த 1980ஆம் ஆண்டு விதிகள், 2012 ஆகஸ்டு முதல் ஒரே தொகுப்பாயின. கட்டணங்கள் அதன் பின்னிணைப்பில் இடம்பெற்றன. வழக்கறிஞர்க்கு இம்மாற்றம் அலுவலில் ஒரு பகுதி. கிள்ளானில் கூலி கிடைக்காத தொழிலாளிக்கோ, பிரிக்பீல்ட்சில் வீட்டு முன்பணத்தை இழந்த மூதாட்டிக்கோ அது அவ்வாறன்று. அவர்கள் அண்டை வீட்டாரின் சொல்லையோ பழைய படிவத்தையோ நம்பி வருவர்.

ஒப்பந்த வழக்குக்கு இந்நாட்டின் 1953ஆம் ஆண்டுச் சட்டம் 6 ஆண்டுக் கெடு வைத்துள்ளது. அக்கெடுவின் இறுதி நாளில், பத்து வெள்ளி குறைகிறதென்று ஒருவரின் மனு திரும்புமாயின், அவர் இழப்பது பத்து வெள்ளியையா? இத்தகைய இடருக்கு இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 149ஆம் பிரிவு வழிகாட்டுகின்றது. குறைந்த கட்டணத்தைப் பின்னர்ச் செலுத்த நீதிமன்றம் இசையலாம். செலுத்தியபின் அம்மனு முதலிலேயே முழுக்கட்டணம் பெற்றதாகக் கொள்ளப்படும். கணக்கில் நேர்ந்த பிழை உரிமையை அழிக்கலாகாது என்னும் அறம் அதில் அடங்கியுள்ளது.

எனவே, நேரிய கட்டணத்திற்கு மூன்று இயல்புகள் வேண்டும்: எளியவரால் செலுத்தக் கூடியதாதல், முன்கூட்டியே தெளிவாக அறியக் கூடியதாதல், தவறினால் திருத்தக் கூடியதாதல். மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயம் 5 வெள்ளிக் கட்டணத்தில் முறையீட்டை ஏற்று வந்துள்ளமை, முதலிரண்டும் இயலாத கனவல்ல எனக் காட்டும்.

கட்டணம் மாறுவது குற்றமன்று. மாற்றியவர் அறிந்ததை, செலுத்துபவர் அறியாதிருப்பதே குற்றம். மணியின் கயிறு எத்துணை உயரத்தில் தொங்குகிறது என்பதை அரசு அறிந்தால் போதாது. அதை எட்டிப் பிடிக்க வருபவரின் கைக்கும் அது எட்ட வேண்டும்.