பாதையும் இசைவும்

ஒரு நிலம் எவருக்கு உரியது என்ற வினாவுக்குச் சட்டம் விடை கூறும். அந்நிலத்தை எவ்வாறு பயன்படுத்துதல் தகும் என்ற வினாவோ அத்துணை எளிதானதன்று. உரிமையுடையவன் செய்யக்கூடியன யாவும் அவன் செய்யத்தக்கன ஆகா. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெளியிலேதான் அறவியலின் பெரும்பகுதி அமைந்துள்ளது. அவ்வெளியை நூல்களில் மட்டுமன்றி மனிதர் கூடி வாழும் இடங்களிலும் கண்டறிதல் கூடும். ஐக்கிய அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள மெற்ஹௌ பள்ளத்தாக்கு அத்தகையதோர் இடமாகும். பனியின்மீது இடப்பட்ட ஒரு பாதை அங்கு எழுப்பிய வினாக்கள் பனியையே காணாதவர்க்கும் உரியன என்பதே இக்கட்டுரையின் துணிபு.

மெற்ஹௌ பள்ளத்தாக்கு கஸ்கேட் மலைத்தொடரின் கிழக்குச் சாய்வில் உள்ளது. மசாமா, வின்த்றொப், ற்விஸ்ப் முதலிய சிற்றூர்களைக் கொண்டது. 1972 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட வட கஸ்கேட் நெடுஞ்சாலை இதனை மேற்குக் கரையோர நகரங்களுடன் இணைத்தது. எனினும் பனிச்சரிவு அபாயம் காரணமாக அச்சாலை குளிர்காலத்தில் வழமையாக மூடப்படுகின்றது. இவ்வாறு ஒதுங்கிக் கிடந்த இப்பள்ளத்தாக்கின்மீது வெளியுலகின் பார்வை ஏற்கெனவே விழுந்திருந்தது. 1970 ஆம் ஆண்டு வனச் சேவையினர் நடத்திய ஆய்வொன்று, மாநிலம் முழுவதிலும் பெரியதொரு பனிச்சறுக்குத் தலம் அமைப்பதற்கு மிகவும் ஏற்ற இடம் இப்பள்ளத்தாக்கை அடுத்துள்ள சாண்டி பியூட் மலையே எனத் தெரிவித்தது.

பனிச்சறுக்கு இருவகைப்படும் என்பதை இவ்விடத்து நோக்குதல் வேண்டும். அல்பைன் முறையிற் சறுக்குவோன் கம்பிவட ஏற்றியின் உதவியால் உச்சிக்குச் சென்று சரிவில் இறங்குகிறான். அவனுடைய குதிகால் சறுக்குப் பலகையுடன் இறுகப் பிணைக்கப்பட்டிருக்கும். நோர்டிக் முறையில் குதிகால் கட்டின்றி விடப்பட்டிருப்பதால், சறுக்குவோன் சமநிலத்திலும் ஏற்றத்திலும் தன் வலிமை கொண்டே நடந்து செல்லலாம். முன்னையதற்கு ஏற்றிகளும் விடுதிகளும் பெருமூலதனமும் தேவை. பின்னையதற்கு வேண்டியது தொடர்ச்சியானதொரு பாதையே. எனவே இவை இரண்டும் ஒரே விளையாட்டின் இரு வடிவங்கள் போலத் தோன்றினும், ஒரு நிலத்தோடு மனிதர் கொள்ளும் இருவேறு உறவுகளாகவும் உள்ளன.

1978 ஆம் ஆண்டு ஒரு நிறுவனம் சாண்டி பியூட்டிற் சறுக்குத் தலம் அமைக்க அனுமதி கோரியது. ஒரே வேளையில் 8,200 பேர் சறுக்கத்தக்க, 16 ஏற்றிகள் கொண்ட திட்டம் பரிந்துரைக்கப்பட்டது. 1984 இல் வனச் சேவை அனுமதி வழங்கத் தீர்மானித்தது. பள்ளத்தாக்கின் குடிமக்கள் அவை இதனை எதிர்த்து வழக்காடியது. குளிர்காலத்தில் மலையினின்று இறங்கிப் பள்ளத்தாக்கிலே தங்கும் மான் கூட்டம் வழக்கின் மையப் பொருள்களுள் ஒன்றாயிற்று. தலத்தையும் அதனைச் சூழ எழக்கூடிய குடியேற்றத்தையும் கருதியபோது, மான் தொகையில் 50 சதவீதம் வரை குறையலாம் என மாநில வனவிலங்குத் திணைக்களம் மதிப்பிட்டது; குறைவு 15 சதவீதத்தைத் தாண்டாது என்றது வனச் சேவை.

மேன்முறையீட்டு நீதிமன்றம் மக்கள் பக்கம் நின்றது. ஆயின் 1989 மே 1 ஆம் திகதி மீயுயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை ஒருமனதாக மாற்றியது. தேசிய சுற்றாடற் கொள்கைச் சட்டம், ஒரு செயலால் விளையக்கூடிய தீங்குகளை முன்கூட்டியே ஆராய்ந்து வெளியிடுமாறு அரசைப் பணிக்கின்றதேயன்றி, அத்தீங்குகளைத் தவிர்க்குமாறு பணிக்கவில்லை என்பதே அத்தீர்ப்பின் சாரம். சட்டத்தின் சொற்களை நோக்கின் இது பிழையான விளக்கம் என்று கூறுதல் அரிது. ஆனால் மெய்யியல் மாணவனுக்கு இத்தீர்ப்பு ஒரு பழைய வழக்கை நினைவூட்டும். நன்மையை உண்மையாக அறிந்தவன் அறிந்தே தவறு செய்யான் என்றார் சோக்கிரட்டீஸ். அறிந்தும் செய்யாதிருக்கும் மனத்தளர்ச்சி மனிதர்க்கு உண்டென்று அரிஸ்டோட்டில் அதனை மறுத்தாராய்ந்தார். ஆய்வறிக்கையைக் கட்டாயமாக்கும் சட்டம் சோக்கிரட்டீசின் நம்பிக்கையிலே பிறந்தது. அறிவிக்கப்பட்டால் மனிதர் திருந்துவர் என்பது அதன் உள்ளக்கிடக்கை. அந்த நம்பிக்கையின் எல்லை எது என்பதை 1989 ஆம் ஆண்டுத் தீர்ப்புக் காட்டிற்று. அறியுமாறு சட்டம் பணிக்கலாம். அடங்கியிருக்குமாறு அது அங்கு பணிக்கவில்லை.

தீர்ப்பு வழிதிறந்தும் சாண்டி பியூட்டில் அந்தத் தலம் எழவேயில்லை. இடைப்பட்ட காலத்திலே பள்ளத்தாக்கு வேறொரு வழியில் நடக்கத் தொடங்கியிருந்தது. 1977 இல் தோன்றிய பாதைச் சங்கம் ஒன்று, சிற்றூர்களை இணைக்கும் நோர்டிக் பாதைகளை அமைத்துப் பேணி வந்தது. இன்று அப்பாதைகளின் நீளம் 200 கிலோமீற்றருக்கு மேற்பட்டது. பொறிகள் பனியை அழுத்திச் சமப்படுத்தி, சறுக்குப் பலகைகளுக்கென இரு இணைவரிகளைப் பதித்துச் செல்கின்றன. பனி உருகியபின் அவ்வழிகளிற் பல நடப்போருக்கும் ஓடுவோருக்கும் மிதிவண்டியிற் செல்வோருக்கும் குதிரையேறுவோருக்கும் பயன்படுகின்றன.

இப்பாதைகள் அரச வனத்தினூடாக மட்டுமன்றித் தனியார் நிலங்களினூடாகவும் செல்கின்றன என்பதே நமது கருத்துக்குரிய செய்தி. வயலுடையவரும் வீட்டுக்காணியுடையவரும் தத்தம் நிலத்தினூடே பிறர் செல்ல இசைந்துள்ளனர். நிலத்தை வேலியிட்டு இது எனது என்று முதன்முதற் கூறியவனிலிருந்தே சமூகத்தின் தீமைகள் தொடங்கின என்று ரூசோ 1755 இல் வெளிவந்த தமது நூலில் வாதிட்டார். இங்கோ வேலியை ஒழிக்காமலே, உரிமையை மறுக்காமலே, அதில் ஒரு வாயில் திறக்கப்பட்டுள்ளது. இது பொதுவுடைமையும் அன்று. விலக்கும் உரிமையை முழுதும் செலுத்தும் தனியுடைமையும் அன்று.

இவ்விசைவின் இயல்பைச் சற்று ஆழ்ந்து நோக்குவோம். ஒருவர் பிறருக்கு ஒரு மூடை நெல் கொடுத்தால், அயலவர் கொடாவிடினும் அந்நெல்லின் பயன் குறையாது. பாதையின் நிலை வேறு. ஒருவர் தமது நிலத்தில் நூறு மீற்றர் வழிவிட்டு, அடுத்தவர் மறுத்தால், அந்த நூறு மீற்றராற் பயனில்லை. ஒவ்வொருவரின் ஈகையும் மற்றையோரின் ஈகையாலேயே பொருள் பெறுகின்றது. எல்லோரும் இசைந்திருக்க ஒருவர் மட்டும் மறுப்பின், அவர் தமது நிலத்தை மட்டுமன்றி அயலவரது ஈகையையும் சேர்த்தே மூடிவிடுகின்றார். பொதுவளங்கள் தன்னலத்தால் அழிந்தே தீரும் என்னும் வாதத்தை 1968 இல் காரற் ஹாடின் முன்வைத்தார். தாமே வகுத்த விதிகளால் அவற்றை நெடுங்காலம் காத்த சமூகங்கள் உண்டென்பதை எலினோர் ஒஸ்ற்றம் 1990 இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று சுவிற்சர்லாந்தின் மலைக்கிராமமாகிய தோர்பெல். மெற்ஹௌ பாதையையும் அவ்வரிசையில் வைத்தெண்ணலாம். திருவள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாது, ஒப்புரவுக்கென வேறோர் அதிகாரமும் வகுத்தமை இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது. ஈகை இல்லாதவனை நோக்கிச் செல்வது; ஒப்புரவு ஊரோடு ஒத்து வாழ்வது. பாதைக்கு வழிவிடல் பின்னையதைச் சார்ந்தது.

எனினும் இதனைப் புகழ்ந்து அமைவது நேர்மையாகாது. மூன்று தடைகள் எழுகின்றன. முதலாவது, தொழிலைப் பற்றியது. பெருந்தலம் அமைந்திருப்பின் ஊதியம் பெற்றிருக்கக் கூடியோர் பலர். மலையின் அமைதியை விரும்புதல், வயிற்றுப்பாட்டிற்கு வேறு வழியுள்ளவர்க்கே எளிது. இரண்டாவது, வெற்றியின் விளைவைப் பற்றியது. காக்கப்பட்ட அழகே வசதி படைத்தோரை அங்கு ஈர்த்தது. விடுமுறை வீடுகள் பெருகின. அங்கு உழைப்போருக்கே வீடு எட்டாப் பொருளாகும் நிலை உருவாயிற்று. வாயில் வழியாக வந்து, வந்தவர் உள்ளூராரை வெளியே தள்ளும் நிலை இது.

மூன்றாவது தடையே யாவற்றிலும் கடியது. இசைவளித்த நிலவுரிமையாளரின் உரிமை எங்கிருந்து வந்தது? பள்ளத்தாக்குக்குத் தம் பெயரைத் தந்த மெற்ஹௌ மக்கள் அங்கு தொன்றுதொட்டு வாழ்ந்தவர்கள். 1879 இல் அப்பகுதியை உள்ளடக்கிப் பூர்வீகக் குடிகளுக்கென ஒதுக்கப்பட்ட நிலம், அடுத்த சில ஆண்டுகளிலேயே மீளப் பெறப்பட்டுக் குடியேறுவோருக்குத் திறந்துவிடப்பட்டது. மெற்ஹௌ மக்களின் வழித்தோன்றல்கள் இன்று கொல்வில் ஒதுக்கிடத்தின் 12 குடிகளின் கூட்டிணைப்பிற் சேர்ந்துள்ளனர். கேட்கப்பட வேண்டிய முதல் இசைவு கேட்கப்படாத நிலத்திலே, பின்வந்தோர் தமக்குள் இசைந்து இட்ட பாதை எவ்வளவு தூரம் அறத்தின்பாற்படும்?

இத்தடைகள் பாதையைப் பொய்யாக்குகின்றன என்று யான் கருதவில்லை. இசைவு என்னும் கருத்தின் பொருளை அவை விரிவாக்குகின்றன. இசைவே அடிப்படையெனின், எவரெவரிடம் கேட்கவில்லை என்ற வினாவும் அதனோடு பிறந்துவிடுகின்றது. பள்ளத்தாக்கில் அவ்வினா முற்றாகப் புறக்கணிக்கப்படவும் இல்லை. மனையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, வீட்டை மட்டும் எட்டக்கூடிய விலைக்கு விற்கும் பொறுப்பாண்மை அமைப்பொன்று அங்கு இயங்குகின்றது. 2022 இல் நிலப் பாதுகாப்பு அமைப்பொன்று தான் பெற்ற 328 ஏக்கர் நிலத்தைக் கொல்வில் குடிகளிடமே ஒப்படைத்தது. இழந்ததன் பரப்போடு ஒப்பிடின் இது சிறிதே. ஆயினும் எந்த நீதிமன்றமும் பணிக்காமல் நிகழ்ந்தது என்பதனால் இது கருதத்தக்கது.

பனியில் இட்ட வரி அடுத்த பனிப்பொழிவில் மறைந்துவிடும். பொறி மீண்டும் சென்று அதனைப் பதித்தல் வேண்டும். மனிதரிடையேயான இசைவும் அவ்வாறானதே. ஒருமுறை பெற்றுவிட்டதனால் அது நிலைத்துவிடுவதில்லை. புதிதாக வந்தவரிடமும், மறக்கப்பட்டவரிடமும், வாய் திறந்து மறுக்க இயலாத மானினத்தின் பொருட்டும் அது மீண்டும் மீண்டும் கேட்கப்படல் வேண்டும். உரிமை ஒருமுறை எழுதப்படுவது. இசைவு நாள்தோறும் புதுப்பிக்கப்படுவது. பின்னையதை இழந்த சமூகம் முன்னையதை மட்டும் வைத்துக்கொண்டு நெடுநாள் ஒருங்கு வாழ்தல் அரிது.