இளைப்பாற்றி மரித்தவர்களுக்கு மாத்திரமா?



"இளைப்பாற்றி" என்ற சொல்லைக் கேட்டவுடனே நம் நினைவுக்கு வருவது கல்லறைதான். வீட்டில் ஒருவர் கண்ணை மூடினால் அந்தச் சொல் நம் வாயில் வருகிறது. நவம்பர் மாதம் 2-ந் தேதி மெழுகுதிரியும் பூமாலையும் எடுத்துக்கொண்டு கல்லறை மந்திரிப்புக்குப் போகும்போதும் அதையே திரும்பத் திரும்பச் சொல்லி வேண்டிக்கொள்கிறோம். அது நல்ல வழக்கம். அதை ஒருபோதும் விடவேண்டாம்.

ஒரு வருஷம் மந்திரிப்பு முடிந்து எல்லாரும் வீடு திரும்பும் சமயத்தில், வயது முதிர்ந்த ஒரு தாய் தம் புருஷனுடைய கல்லறையோரத்தில் நின்றபடியே என்னிடம் கேட்டார்: "சாமி, செத்தவங்களுக்கு இளைப்பாற்றி கேட்டாச்சு. உசிரோட இருக்கிறவங்களுக்கு அது கிடையாதா? அம்பது வருஷமாப் பூசை காணுறேன், செபமாலை சொல்றேன். ஆனாலும் கணக்குத் தீர்ந்தாப்பிலே மனசுக்குத் தோணலே. நான் கரையேறுவேனா, சாமி?"

அன்று ஏதோ இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அவர் வாய் திறந்து கேட்டதை நம்மில் அநேகர் வெளியில் சொல்லாமல் நெஞ்சிலே சுமந்துகொண்டிருக்கிறார்கள். ஆதலால் இன்று வேதாகமத்திலே அதற்கு விடை தேடுவோம்.

யாரைப் பார்த்துச் சொன்னார்?

அர்ச். மத்தேயு எழுதின சுவிசேஷம் 11-ம் அதிகாரத்தின் கடைசி மூன்று வசனங்களை வாசித்துப் பாருங்கள். வருந்திப் பாரம் சுமக்கிற எல்லாரையும் சேசுநாதர் தம்மிடம் வரும்படி அழைத்து, அவர்களுக்கு இளைப்பாற்றி தருவதாக வாக்களிக்கிறார். அவர் யாரோடு பேசினார்? கல்லறையில் கிடந்தவர்களோடா? இல்லை. கலிலேயா நாட்டிலே வலை இழுத்தவர்கள், நிலத்தை உழுதவர்கள், வரி கட்டிக் களைத்தவர்கள், இவர்களோடு பேசினார். உயிரோடிருந்த ஜனங்களுக்குத்தான் அந்த வாக்குத்தத்தம் முதன் முதல் கொடுக்கப்பட்டது.

அவர்கள் சுமந்த பாரம் எது? அதே சுவிசேஷத்தின் 23-ம் அதிகாரம் அதற்குப் பதில் தருகிறது. வேதபாரகரும் பரிசேயரும் சுமக்கமுடியாத சுமைகளைக் கட்டி ஜனங்களின் தோள்மேல் வைத்தார்கள். தாங்களோ ஒரு விரலாலும் தொடமாட்டார்கள். 12-ம் அதிகாரத்தில் அதற்கு உதாரணமும் இருக்கிறது. பசியினால் கதிர் கொய்து தின்ற சீஷர்கள்மேல் ஓய்வுநாளில் குற்றம் கண்டுபிடிக்கிறார்கள். சூம்பின கையையுடைய மனிதனைச் சேசுநாதர் குணமாக்கினதும் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. மனிதன் இளைப்பாறும்படி சர்வேசுரன் கொடுத்த நாளையே மனிதனுக்குச் சுமையாக்கிவிட்டார்கள்!

ஆனால் சேசுநாதர் இளைப்பாற்றியை வாக்களித்த கையோடு ஒரு நுகத்தையும் ஏற்றுக்கொள்ளச் சொல்கிறாரே, இது எப்படிப் பொருந்தும்? இளைப்பாறுகிற மாட்டுக்கு நுகம் எதற்கு? நம் பெரியவர்கள் உழவு பழக்கின விதத்தை நினைத்துப் பாருங்கள். பழகாத இளங்காளையைத் தனியே பூட்டமாட்டார்கள். பழகின மாட்டோடு ஜோடி சேர்த்துப் பூட்டுவார்கள். இளங்காளை திமிறுகிறவரையில் அதன் கழுத்து புண்ணாகும். பக்கத்து மாட்டின் நடைக்குத் தன் நடையை ஒத்துக்கொண்டபிறகு, அதே நுகம், அதே வயல், ஆனால் பாரம் தெரியாது. சேசுநாதர் நமக்கு வாக்களித்தது வேலையில்லாத வாழ்வை அல்ல. கடன், நோய், பிள்ளைகளைப் பற்றின கவலை, இவையெல்லாம் அப்படியே இருக்கலாம். ஆனால் நாம் அவரோடு பூட்டப்பட்டிருக்கிறோம். தனியே இழுக்கிறோம் என்ற எண்ணமே நம் களைப்புக்கெல்லாம் பெரிய களைப்பு.

வாசல்வரை வந்தும் நுழையாதவர்கள்

எபிரேயருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் 3-ம் 4-ம் அதிகாரங்கள் இந்தக் காரியத்தை இன்னும் தெளிவாக்குகின்றன. எஜிப்து தேசத்து அடிமைத்தனத்திலிருந்து மீட்கப்பட்ட ஜனங்கள் கானான் தேசத்தின் எல்லைக்கு வந்தார்கள். மோயீசன் 12 பேரை வேவு பார்க்க அனுப்பினார். அவர்கள் 40 நாள் சுற்றிப் பார்த்து, இரண்டு பேர் தண்டிலே கட்டிச் சுமந்துவரும்படியான திராட்சைக் குலையோடு திரும்பினார்கள். தேசம் நல்லதென்பதற்கு அத்தாட்சி கண்முன்னே தொங்கிற்று. ஆனால் ஜனங்கள் அந்தக் குலையைப் பார்க்கவில்லை. அங்கே இருந்த இராட்சதரைப் பற்றின பேச்சைக் கேட்டு இராமுழுதும் அழுதார்கள். எஜிப்துக்கே திரும்பிப் போகலாம் என்றார்கள். அதன் பலனாக 40 வருஷம் வனாந்தரத்தில் அலைந்தார்கள். எண்ணப்பட்டவர்களில் 20 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குள் காலேப், ஜோசுவா என்னும் இருவர் மாத்திரமே உள்ளே நுழைந்தார்கள்.

மற்றவர்கள் நுழையாமற்போன காரணம் என்ன? பலமில்லாமையா? இல்லை. நற்செய்தியைக் காதால் கேட்டார்கள், ஆனால் அதோடு விசுவாசம் சேரவில்லை என்கிறது நிருபம். அதற்குமேல் ஒரு நுட்பமான நியாயமும் காட்டுகிறது. ஜோசுவா கொண்டுபோய்ச் சேர்த்த தேசமே கடைசி இளைப்பாற்றியாயிருந்தால், எத்தனையோ காலத்துக்குப் பிறகு தாவீதின் சங்கீதம் "இன்று" என்று வேறொரு நாளைக் குறிப்பிட்டிராது. ஆகையால் சர்வேசுரனுடைய ஜனத்துக்கு இன்னும் ஓர் இளைப்பாற்றி காத்திருக்கிறது. அதன் நிறைவு மோட்சத்தில். அதன் வாசலோ இன்றைக்கே திறந்திருக்கிறது.

இரண்டு பள்ளங்கள்

இந்த வழியில் இருபுறமும் பள்ளம் உண்டு. "விசுவசித்தாயிற்று, இனி எப்படி நடந்தாலும் மோட்சம் நிச்சயம்" என்பது ஒரு பள்ளம். கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்று அர்ச். யாகப்பர் அந்த வாயை அடைக்கிறார். "என் பூசை, என் செபமாலை, என் ஒருசந்தி, இவற்றைக் கூட்டி மோட்சத்தை வாங்கவேண்டும், எவ்வளவு சேர்த்தும் போதவில்லையே" என்று ஏங்குவது மற்றப் பள்ளம். பக்தியுள்ளவர்கள் விழுகிறது பெரும்பாலும் இந்த இரண்டாவதிலேதான்.

1547-ம் வருஷம் ஜனவரி 13-ந் தேதி திரெந்து பொதுச்சங்கம் இதைப்பற்றித் தீர்க்கமாய்ப் போதித்தது. நம் இரட்சணியத்துக்கு ஆரம்பமும் அஸ்திவாரமும் வேரும் விசுவாசமே. நாம் நீதிமான்களாக்கப்படுவது சர்வேசுரனுடைய இலவசமான கிருபையினாலேயன்றி, அதற்கு முந்தி நாம் செய்த எதற்கும் கூலியாக அல்ல. நற்கிரியைகள் அந்த வேரிலிருந்து வளரும் கனிகள். யாரும் தன் முடிவைப்பற்றி வீண் துணிவு கொள்ளலாகாது. ஆனாலும் சகலரும் தேவ உதவியின்மேல் அசையாத நம்பிக்கை வைக்கவேண்டும். 1999-ம் வருஷம் அக்டோபர் 31-ந் தேதி ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையாரும் லூத்தரன் சபையாரும் கையெழுத்திட்ட கூட்டறிக்கையிலும், நம் பேறுபலன்களாலல்ல, கிருபையினாலேயே ஏற்றுக்கொள்ளப்படுகிறோம் என்பதை இரு திறத்தாரும் ஒருமித்து அறிக்கையிட்டார்கள். ஆகவே "நீங்கள் இரட்சிக்கப்பட்டீர்களா?" என்று யாராவது கேட்டால் தடுமாறவேண்டாம். "ஞானஸ்நானத்திலே இரட்சகர் என்னைப் பிடித்துக்கொண்டார், நான் அவர் கையை விடாமலிருக்க அவருடைய கிருபையை நம்பியிருக்கிறேன்" என்று சொல்லுங்கள்.

ஒரு வாலிபரின் துயரம்

இந்த ஏக்கம் நமக்கு மாத்திரம் வந்ததல்ல. 1586-ம் வருஷத்தில் பாரீஸ் நகரத்தில் சேசுசபையாரின் கல்லூரியிலே படித்துக்கொண்டிருந்த 19 வயது வாலிபர் ஒருவரை, "நான் நரகத்துக்கென்றே குறிக்கப்பட்டவன்" என்ற பயங்கரமான எண்ணம் பிடித்துக்கொண்டது. அவருக்கு உணவும் உறக்கமும் ஒழிந்தன, உடல் மெலிந்தது. வாரக்கணக்கில் அப்படி வாடின பிறகு, ஒரு நாள் தேவாலயத்தில் தேவமாதாவின் சுரூபத்தின் முன் முழந்தாளிட்டார். மறுமையிலே சர்வேசுரனை நேசிக்கக் கொடுத்துவைக்காவிட்டாலும், உயிருள்ளமட்டும் இந்த உலகத்திலாவது அவரை நேசிப்பேன் என்று தம்மை ஒப்புக்கொடுத்தார். "மிகவும் இரக்கமுள்ள தாயே" என்னும் செபத்தைச் சொல்லி எழுந்தார். பயம் அவரை விட்டு அகன்றது. அவரே பின்னாளில் ஜெனீவா நகர் மேற்றிராணியாராகி, எண்ணற்ற ஆத்துமங்களுக்குச் சாந்தமே உருவான வழிகாட்டியாய் விளங்கின அர்ச். பிரான்சிஸ்கு சலேசியார்.

அவருக்கு மோட்சச் சீட்டு எதுவும் வானத்திலிருந்து விழவில்லை. தன் முடிவைக் கணக்குப் பார்ப்பதை விட்டு, நேசிக்கத் தொடங்கினார். அந்த நேரமே இளைப்பாறினார்.

நாம் செய்யவேண்டியது

முதலாவது, பாவசங்கீர்த்தனத்தில் உண்மையாய்ச் சொல்லி மன்னிப்படைந்த பாவத்தை மறுபடியும் தோண்டாதீர்கள். சர்வேசுரன் அழித்துவிட்டதை நாம் எழுதி வைத்துக்கொள்வது தாழ்ச்சியல்ல.

இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமையை இளைப்பாற்றியின் நாளாகவே கொண்டாடுங்கள். பூசை கண்டு வந்து ஆண்கள் திண்ணையில் சாய்ந்திருக்க, அடுப்படியில் பெண்களுக்கு வேலை இரட்டிப்பாவது என்ன நியாயம்? நாம் பரிசேயரைக் குறைசொல்லுமுன் நம் வீட்டுச் சுமைக்கு ஒரு விரலையாவது கொடுப்போம்.

மூன்றாவது, இரவில் படுக்குமுன் அன்றைய நாளை, முடிந்ததையும் முடியாததையும், சேசுநாதருடைய திரு இருதயத்தில் ஒப்புவித்துவிட்டுத் தூங்குங்கள். ஒவ்வொரு இரவும் நல்ல மரணத்துக்கு ஓர் ஒத்திகையல்லவா?

அந்தத் தாய் பிற்பாடு நோயாய்ப் படுத்திருந்தபோது அவருக்கு நன்மை கொண்டுபோனேன். அன்று சொல்லாமல் விட்டதை அப்போது சொன்னேன்: "அம்மா, உங்க கணக்கை நீங்க தீர்க்க முடியாது. சிலுவையிலே அதைத் தீர்த்தவர் இதோ உங்ககிட்ட வந்திருக்கார்." அவர் வெகு நேரம் பேசாமலிருந்துவிட்டு, "அப்போ எண்ணுறதை விட்டுடறேன், சாமி" என்றார். செபமாலையை விடவில்லை, கடைசி நாள்மட்டும் அது கையிலிருந்தது. எண்ணிக்கையைத்தான் விட்டார். இப்போது தம் புருஷனுக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அவர்கள் இருவருக்கும் நித்திய இளைப்பாற்றி வேண்டிக்கொள்வோம். உயிரோடிருக்கிற நாமோ, இன்று அவருடைய குரலைக் கேட்கையில் நம் இருதயத்தைக் கடினமாக்காமல், அவருடைய நுகத்துக்குக் கழுத்தைக் கொடுப்போமாக. ஆமென்.