களவும் கொடையும்

இலங்கையின் மன்னார் மாவட்டத்திலுள்ள முள்ளிக்குளத்து மக்கள் 2007இல் வெளியேற்றப்பட்டார்கள். ஊரில் கடற்படை முகாம் வந்தது. 2017இல் மக்கள் போராடியபின் காணியில் ஒரு பகுதி விடப்படும் என்று கடற்படை சொன்னது. இப்படிச் சிதறிய ஊரின் முதியவர்கள் சொல்வதை ஒலியாகப் பதிந்துவைப்பது அவசியம். அதற்குப் பூட்டுடைத்த வணிக மென்பொருள் போதும் என்பவர்கள், கத்தோலிக்கக் கிராமத்தில் ‘களவு செய்யாதே’ என்ற ஏழாம் கட்டளையை எப்படிக் கடப்பார்கள்? கூடையில் மீனை எடுத்தால் மீன் குறையும், பிரதி எடுத்தால் எதுவும் குறையாதே என்பது அவர்கள் வாதம். சரிதான், ஆனால் அது, மென்பொருளைச் செய்தவர் தாராளமாக இருப்பதற்கான நியாயம், மற்றவர் கேளாமல் எடுப்பதற்கானதல்ல. சம்மதமில்லாமல் எடுப்பது என்னவென்று இந்த ஊருக்கு விளக்க வேண்டியதில்லை.

பூமியின் செல்வம் எல்லோருக்கும் என்று திருச்சபை போதிக்கிறது. அதைச் சம்மதத்தோடே நடத்திக் காட்டுவது, மென்பொருளாளர் ரிச்சர்ட் ஸ்டோல்மன் 1989இல் வெளியிட்ட ஜிபிஎல் என்ற மென்பொருள் உரிமம்: பயன்படுத்து, படி, மாற்று, பகிர். 2000இல் வெளிவந்த ஒடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள் இந்த வழியில் வந்ததுதான். பேச்சில்லாமல் மின்விசிறி மட்டும் உறுமும் ஒரு நொடியைத் தெரிவுசெய்து காட்டினால், பதிவு முழுக்க அந்த உறுமலைத் தணித்துவிடும். இலவசம் மட்டம் என்பவர்கள் இதைக் கேட்டுவிட்டுப் பேசட்டும். பழகச் சில நாள் பிடிக்கும், அது உண்மை. பெற்றுக்கொண்டவர்கள் இதன் தமிழாக்கத்துக்குக் கைகொடுங்கள்.