வெண்மானும் வர்ண நாமகர்மமும்



பதினாறாம் தீர்த்தங்கரராம் பகவான் ஸ்ரீ சாந்திநாதரின் இலாஞ்சனம் மான் என்பதை நம் இல்லத்துச் சிறுவரும் அறிவர். பீடத்தில் பொறித்த மானைக் கண்டு கைகூப்புகிறோம். காட்டில் திரியும் மானைப் பற்றி எண்ணுவதோ அரிது. உலகின் இயல்பை ஆராய்வதும் அறத்தின் ஒரு பகுதியே. நம் கடலூர் மண்ணில், திருப்பாதிரிப்புலியூர் என்று கொள்ளப்படும் பாடலியில் இருந்து, சர்வநந்தி முனிவர் கி.பி. 458-இல் உலோகவிபாகத்தை இயற்றி முடித்தார் அன்றோ?

சென்னைக் கிண்டியில் சுமார் 2.7 சதுர கிலோமீட்டர் பரப்பில், 1978 முதல் தேசியப் பூங்காவாக விளங்கும் காடு ஒன்றுண்டு. புள்ளிமானும் வெளிமானும் அங்கே வாழ்கின்றன. வெளிமான்களுள் பால்போல் வெளுத்தவையும் அங்குக் காணப்பட்டு வந்துள்ளன. 1948 முதல் 1952 வரை சென்னை மாகாண ஆளுநராயிருந்த பாவநகர் மகாராஜா அவற்றின் முன்னோரைக் கொணர்ந்தார் என்பர். வெளிமான் ஆண், வயது ஏற ஏறக் கறுப்பது இயல்பு. நம் தென்னாட்டில் அது பெரும்பாலும் முழுக் கறுப்பாகாது, கரும்பழுப்போடு நின்றுவிடும். அத்தகைய இனத்தில் வெள்ளை எங்ஙனம் வந்தது?

உடலுக்கு நிறம் தரும் மெலனின் என்னும் பொருளை உண்டாக்கும் ஆற்றல் பிறவியிலேயே இல்லாது போவதே காரணம் என்பர் உயிரியலார். அவ்வாறு பிறந்ததன் கண்ணும் சிவந்து தோன்றும். கண் இயல்பாயிருந்து, தோலும் மயிரும் மட்டும் வெளுப்பது வேறொரு வகை. தாய், தந்தை இருவரிடமும் அக்குறை மறைந்திருந்தால்தான் கண் சிவந்த வெண்குட்டி பிறக்கும். ஆதலின் பெற்றோர் இருவரும் சாதாரண நிறத்தினராயிருப்பதும் உண்டு. வேலியிட்ட சிறு காட்டில் நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருகுங்கால் மறைந்தது வெளிப்படும் வாய்ப்பு மிகுகின்றது.

நம் ஆகமம் இதனை வேறு சொற்களால் உரைக்கின்றது. எண்வகைக் கர்மங்களுள் நாமகர்மம் ஓவியனுக்கு ஒப்பிடப்படும். அதன் 93 உட்பிரிவுகளுள் ஒன்று வர்ண நாமகர்மம். அதன் உதயத்தால் உடல் பெறும் நிறமே திரவிய லேசியை. எண்ணத்தின் தூய்மையும் மாசும் பாவ லேசியை. முன்னதைக் கண்டு பின்னதை அளக்கலாகாது. வெண்மான் சுக்கில லேசியை உடையதும் அன்று. கருமான் கிருஷ்ண லேசியை உடையதும் அன்று.

இதனை அறியாத உலகம் செய்வதைப் பாருங்கள். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்துச் செனகாவில் 1941-இல் இராணுவத்தார் பெரும் பரப்பை வேலியால் வளைத்தனர். உள்ளே அகப்பட்ட மான்களுள் சில வெளுத்துப் பிறந்தன. அவ்விடத்துத் தலைவர் வெண்மானைச் சுடலாகாது என்று ஆணையிட்டார். பழுப்பு மானையோ வேட்டையாட விட்டனர். நாளடைவில் வெள்ளையே நூற்றுக்கணக்கில் பெருகிற்று. இதனைக் கருணை என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. நேமிநாதர் திருமணத்தின்போது அடைபட்டுக் கதறிய மான்களைக் கண்டு தேரைத் திருப்பினார் அன்றோ? அவற்றின் நிறம் என்னவென்று அவர் வினவியதாகப் புராணத்தில் இல்லை.

அப்பகவானே கரிய திருமேனியர். முனிசுவிரதரும் அவ்வாறே. சந்திரப்பிரபரும் புஷ்பதந்தரும் வெண்மை. பத்மப்பிரபரும் வாசுபூஜ்யரும் செம்மை. சுபார்சுவரும் பார்சுவரும் பசுமை. ஏனைய பதினாறு பெருமக்களும் பொன் நிறத்தினர். இதனை நாள்தோறும் ஓதும் நம்மவர் வீட்டிலேயே, பெண் பார்க்கப் போய்வந்து, 'குணமெல்லாம் நல்ல குணந்தான், நிறந்தான் கொஞ்சம் மட்டு' என்று தட்டிக் கழிக்கின்றனர். அம்மட்டில் நில்லாது, அச்சொல் அப்பெண்ணின் செவியிலும் விழுகின்றது. பூஜை முடித்த வாயால் சொல்லும் சொல்லா இது?

இனி, கொம்பு. வெளிமானின் முறுக்குக் கொம்பு வாழ்நாள் முழுதும் உதிராது. புள்ளிமானின் கிளைக்கொம்போ ஆண்டுதோறும் உதிர்ந்து மீண்டும் முளைப்பது. முளைக்கும் காலத்தில் அதனை மென்மயிர்த் தோல் போர்த்திருக்கும். அப்போது அடிபட்டால் கொம்பு கோணும்; பின்னங்கால் முறிந்தால் எதிர்ப்பக்கத்துக் கொம்பு விகாரமாக வளர்வதும் உண்டு. தன் உறுப்பே தனக்குத் துன்பமாவதை உபகாத நாமகர்மம் என்னும் ஆசிரியர், அதற்குப் பெருங்கொம்பையே எடுத்துக்காட்டாக உரைத்தனர். ஆண்மான்கள் பொருதுகையில் கொம்பு சிக்கிப் பிரிக்க இயலாது மடிவதைக் கண்டவர் இவ்வுவமையின் நுட்பத்தை உணர்வர். வேட்டையாடியும் பெரிய கொம்பையே, கோணற் கொம்பையே தேடி வருகின்றான்.

காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பக்கத்துப் பழைய வீடுகளின் கூடத்தில் துணி மாட்ட மான்கொம்பு அறைந்திருப்பதை நாம் கண்டிருக்கிறோம். 'உதிர்ந்த கொம்புதானே, முனிவர் ஏந்தும் பிஞ்சியும் உதிர்ந்த மயிற்பீலிதானே' என வாதிடுவோர் உளர். நியாயமான கேள்வியே, தட்டிவிடலாகாது. பீலி முனிவர் கையில் சிற்றுயிரைக் காக்கும் கருவி. கூடத்துக் கொம்பு எவ்வுயிரைக் காக்கின்றது? மேலும், காட்டில் உதிர்ந்த கொம்பு வீணாவதில்லை. முள்ளம்பன்றியும், சில வேளை மானுமே, சுண்ணாம்புச் சத்துக்காக அதனைக் கடித்துத் தின்னும். அதனை எடுப்பது கொடாததைக் கொள்ளும் அதத்தாதானமே.

உதிர்ந்ததா, கொன்று எடுத்ததா என்று அறியவும் வழியுண்டு. தானே உதிர்ந்ததன் அடி சற்றுப் புடைத்து, சொரசொரப்பாய் முடிந்திருக்கும். மண்டையோட்டின் துண்டு ஒட்டியிருந்தால் அம்மான் உயிரோடு அதனை விட்டுப் போகவில்லை. பழைய வீடுகளில் இணையாக மாட்டிய கொம்புகளை இறக்கிப் பாருங்கள். பெரும்பாலும் அவ்வெலும்பு இருக்கும். உரிய சான்றின்றி அதனை வைத்திருத்தலும் விற்றலும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பாட்டனார் காலத்துப் பொருள் என்று சம்பந்தி வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதும் கூடாது. வனத்துறை அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிவித்து ஒப்படைப்பதே தக்கது.