"எனக்குப் பிறகு இவனை யார் பார்ப்பா?" – ஜும்ஆ பயான்

 

இன்றைய பயானை நான் செய்த ஒரு தவறிலிருந்து தொடங்குகிறேன். எட்டு வருடங்களுக்கு முன் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து வெளியே வருகிறேன். பள்ளிவாசல் கேட் ஓரத்தில் ஒரு தாய் நிற்கிறார்கள். கணவர் மவுத்தாகிவிட்டார். இருபது வயதைத் தாண்டிய மகனுக்கு மூளை முடக்குவாதம். பிறந்ததிலிருந்து நடந்ததில்லை, பேச்சும் தெளிவில்லை. ஓதிப் பார்க்கச் சொல்லி அவர்கள் வரவில்லை. காசு கேட்டும் வரவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள்: "ஹஜ்ரத், எனக்குப் பிறகு இவனை யார் பார்ப்பா?"

"சபூர் செய்யுங்கம்மா, அல்லாஹ் இருக்கான். இந்தப் பிள்ளையாலதான் உங்களுக்கு சொர்க்கம்" என்று சொல்லி, துஆ செய்து அனுப்பி வைத்தேன். சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அவர்கள் கேட்ட கேள்விக்கு அது பதிலும் இல்லை.

சென்ற வருடம் அந்தத் தாயின் ஜனாஸாவை நான்தான் தொழ வைத்தேன். அடக்கம் முடிந்து வீட்டுக்குப் போனால், சாச்சா, மாமா எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். உள் அறையிலிருந்து அந்தப் பிள்ளை "உம்மா, உம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். இனி யார் பார்ப்பது என்று பேச ஆரம்பித்தபோதுதான் தெரிந்தது, அவனுக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இல்லை. பேங்க் கணக்கு இல்லை. அரசு உதவித்தொகை ஒரு மாதம்கூட வாங்கியதில்லை. சட்டப்படி காப்பாளர் என்று யாரும் இல்லை. அந்தத் தாய் சபூர் செய்தார்கள், நான் சொன்னபடியே. நான்தான் ஒட்டகத்தைக் கட்டச் சொல்லாமல் தவக்குல் மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

அன்பானவர்களே! சபூர் என்றால் வாய் மூடி இருப்பதா? அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களைப் பாருங்கள். "அபஸ" சூரா இறங்கியது அந்தப் பார்வையற்ற தோழரின் விஷயத்தில்தான் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். நபி (ஸல்) அவர்கள் மதீனாவை விட்டு வெளியே போகும்போது அவர்களைத் தம் பிரதிநிதியாக விட்டுச் சென்றதும் தெரியும். ஆனால் அந்நிஸா அத்தியாயத்தின் 95-வது வசனம் இறங்கிய நேரத்தில் நடந்ததை நாம் அதிகம் பேசுவதில்லை. போருக்குப் போகிறவர்களும் வீட்டில் தங்கிவிடுகிறவர்களும் சமமாக மாட்டார்கள் என்ற வசனத்தை நபியவர்கள் எழுதச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஸைத் இப்னு ஸாபித் (ரலி) எழுதுகிறார்கள். அங்கே வருகிறார்கள் இப்னு உம்மி மக்தூம். "யா ரஸூலல்லாஹ், என்னால் முடிந்திருந்தால் நானும் போயிருப்பேனே" என்ற கருத்தில் தம் நிலையை எடுத்துச் சொல்கிறார்கள். அந்த இடத்திலேயே வஹீ வருகிறது. இயலாமை உள்ளவர்களுக்கு விதிவிலக்கு அந்த வசனத்துக்குள்ளேயே சேர்க்கப்படுகிறது.

கவனித்தீர்களா? "இவருக்கு ஈமான் பலவீனம், அதனால்தான் கேட்கிறார்" என்று யாரும் சொல்லவில்லை. அவர் தம் நிலையைப் பேசினார், அல்லாஹ் பதில் கொடுத்தான். தன் உரிமையை உரிய இடத்தில் போய்ச் சொல்வது சபூருக்கு எதிரானது அல்ல.

சரி, அந்தப் பிள்ளைக்கு வழி எங்கிருந்து வந்தது தெரியுமா? நம் ஜமாஅத்திலிருந்து அல்ல. இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு சகோதரி, நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர் அல்ல. அவருக்கும் இதே நிலையில் ஒரு மகள். பெற்றோர் சங்கம் ஒன்றில் இருபது வருடமாக இருக்கிறார். ஜனாஸா செய்தி கேட்டு வந்தவர், உட்காரக்கூட இல்லை. என்னென்ன காகிதம் வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். "ஐயா, இத்தனை வருஷமா பக்கத்துலதான் இருக்கோம். உங்க பள்ளிவாசல்லேர்ந்து ஒருத்தர்கூட வந்து கேட்டதில்லையே" என்றார். எனக்குத் தலை குனிந்துவிட்டது.

அவரிடம் நான் கற்றுக்கொண்டதை உங்களிடம் சொல்கிறேன். முதல் படி, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் பாதிப்பு என்று மருத்துவச் சான்று கிடைத்தால்தான் பெரும்பாலான கதவுகள் திறக்கும். முன்பு சட்டம் 7 வகைக் குறைபாடுகளைத்தான் ஏற்றுக்கொண்டது. 2016 சட்டத்தில் அது 21. ஆட்டிசம், தாலசீமியா, ஹீமோஃபீலியா எல்லாம் இப்போது அதில் உண்டு. "நம்ம பிள்ளைக்குப் பொருந்தாது" என்று நீங்களாகவே முடிவு செய்துவிடாதீர்கள். கடும் பாதிப்பு உள்ளவர்களுக்கும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் நம் மாநிலத்தில் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2000 ரூபாய்.

அடுத்தது அந்தத் தாயின் கேள்விக்கே நேரான பதில். பிள்ளைக்கு 18 வயது முடிந்துவிட்டால், பெற்ற தாய்கூட சட்டத்தின் பார்வையில் தானாகக் காப்பாளர் ஆவதில்லை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999-ல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. அதன்படி கலெக்டர் தலைமையில் மாவட்டக் குழு இருக்கிறது. அங்கே மனுக் கொடுத்துக் காப்பாளரை நியமிக்கலாம். ஃபிக்ஹில் வலீ, வஸிய்யத் என்று நாங்கள் வருடக்கணக்கில் ஓதிய பாடத்தின் கவலையும் இதுதானே! அதே அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீடு ஒரு லட்சம் ரூபாய் வரை உதவும். வாரிசுரிமையில் இந்தப் பிள்ளைகளுக்கு ஷரீஅத் ஒரு பைசாகூடக் குறைக்கவில்லை என்பதையும் சாச்சாமார்கள் நினைவில் வைக்க வேண்டும்.

இதையெல்லாம் தனியாக அலைந்து செய்ய முடியாது. அதற்காகத்தான் சங்கங்கள். தென்காசி பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் 1981-ல் தொடங்கியது, தொடங்கியவர் எஸ். ராமகிருஷ்ணன், தண்டுவடம் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். சென்னையில் வித்யாசாகர் 1985-ல் தொடங்கியது. தொடங்கியவர் பூனம் நடராஜன், மூளை முடக்குவாதம் உள்ள மகனின் தாய். உரிமைக்காகப் போராடும் தமிழ்நாடு அனைத்து வகை மாற்றுத்திறனாளிகள் சங்கத்தின் பெயரிலேயே "பாதுகாப்போர்" என்ற வார்த்தையும் இருக்கிறது. பார்த்துக்கொள்கிற குடும்பத்தாரையும் சேர்த்துத்தான் சங்கம். அலுவலகத்தில் இழுத்தடித்தால், மாநில ஆணையரிடம் எப்படிப் புகார் எழுதுவது என்று சொல்லிக் கொடுப்பவர்கள் இவர்கள்தான்.

எந்தச் சங்கத்தை நம்புவது? நான் பார்ப்பது ஒன்றுதான். அங்கே முடிவெடுக்கும் இடத்தில் மாற்றுத்திறனாளிகளோ பெற்றோரோ இருக்கிறார்களா? சக்கர நாற்காலி கொடுத்து போட்டோ எடுப்பதோடு முடித்துக்கொள்கிறவர்கள் நம்மிடமே நிறைய உண்டு.

"அவங்க வேற மதமாச்சே" என்று சிலர் தயங்குகிறீர்கள். ஹில்ஃபுல் ஃபுளூலை மறந்துவிட்டீர்களா? மக்காவில் ஒரு வெளியூர் வியாபாரி ஏமாற்றப்பட்டபோது, அநீதி இழைக்கப்பட்டவர் பக்கம் நிற்போம் என்று அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் வீட்டில் குறைஷிகள் ஒப்பந்தம் செய்தார்கள். நுபுவ்வத்துக்கு முந்திய காலம் அது. நபியவர்கள் அதில் கலந்துகொண்டார்கள். இஸ்லாம் வந்த பிறகும், அப்படி ஒன்றுக்கு அழைத்தால் வருவேன் என்றே சொன்னார்கள்.

அந்தப் பிள்ளை இப்போது சாச்சா வீட்டில் இருக்கிறான். அட்டை வந்துவிட்டது. காப்பாளர் மனு குழுவின் முன் இருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை அவனை ஜும்ஆவுக்குத் தூக்கி வந்தார்கள். நம் வாசலில் நான்கு படி. நாற்காலி ஏறவில்லை, வெளியிலேயே தொழுதான். முத்தவல்லி சாஹிப் கோபிக்க வேண்டாம், சாய்தளம் பற்றி அடுத்த கூட்டத்தில் பேசித்தான் ஆக வேண்டும்.

இன்று தொழுகை முடிந்ததும் மதரஸா கீழ் அறையில் அந்தச் சகோதரியும் சங்கத்துக்காரர்கள் இருவரும் இருப்பார்கள். பெண்களுக்குத் தனி இடம் உண்டு. நம் வாலிபர்கள் இருவர் விண்ணப்பம் எழுதிக் கொடுப்பார்கள். ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ, இருக்கிற மருத்துவச் சீட்டுகள் எல்லாம் கொண்டு வாருங்கள். எதுவும் இல்லாவிட்டாலும் வாருங்கள். பக்கத்து வீட்டில் வெளியே வராத ஒரு பிள்ளை இருந்தால், அந்த வீட்டுக்கு இன்றே போய் இந்தச் செய்தியைச் சொல்லுங்கள். அல்லாஹ் கபூல் செய்வானாக. ஆமீன்.