யார் கடனுக்கு யார் நிலம்?

நியூசிலாந்தின் வடக்குத் தீவில், கிழக்குக் கரையோர மலைச்சரிவில் உள்ள ஒரு பண்ணை பைன் தோட்டத்துக்காகக் கைமாறினால், முதலில் லாரி ஏறுவது செம்மறி ஆடுகள். அடுத்து மேய்ச்சல் நாய்கள். பழகிய ஆளின் சீழ்க்கைக்கு மட்டுமே கட்டுப்படும் நாய்களுக்குப் புது இடம் பார்ப்பது எளிதல்ல. பிறகு குடும்பம் கிளம்பும். கம்பளி கத்தரிக்கும் கொட்டகை மட்டும் நிற்கும். ஆண்டாண்டாக ஆட்டு ரோமத்தின் நெய் இறங்கி, அதன் பலகைத் தரை எண்ணெய் தேய்த்ததுபோல் வழவழவென்றிருக்கும். அடுத்த குளிர்காலத்தில் நடவு ஆட்கள் வந்து ஹெக்டேருக்கு ஆயிரம் என்ற கணக்கில் கன்றுகளை ஊன்றிவிட்டுப் போவார்கள். அதற்குப் பிறகு அந்த மண்சாலையில் தினமும் போய்வர யாருக்கும் வேலை இருக்காது. பள்ளி வேன் அந்தத் திருப்பத்தில் நிற்காமல் போகும்.

இதில் தவறு என்ன என்று கேட்கலாம். விற்றவர் தம் நிலத்தை விற்றார், வாங்கியவர் விலை கொடுத்தார், சட்டம் அனுமதித்தது. நட்டதும் மரம்தான். மரம் நடுவதைக் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்? தமிழில் காடு என்றால் வனமும் உண்டு, மானாவாரிப் புன்செயும் உண்டு. ‘காட்டுக்குப் போய்வருகிறேன்’ என்று கொங்கு நாட்டு விவசாயி சொன்னால் அவர் போவது சோளக்கொல்லைக்கு. இரண்டையும் ஒரே சொல்லில் வைத்த மொழி நம்முடையது. நியூசிலாந்தில் ஒரு சட்டம் அந்த இரண்டையும் எதிரெதிரே நிறுத்திவிட்டது. எப்படி நிறுத்தியது என்று பார்க்காமல் நியாயம் பேச முடியாது.

2008இல் அந்த நாடு உமிழ்வு வணிகத் திட்டத்தைத் தொடங்கியது. பெட்ரோல் இறக்குமதி செய்பவரும், நிலக்கரி எரிக்கும் ஆலையும், தாம் வெளியேற்றும் ஒவ்வொரு டன் கரியமில வாயுவுக்கும் ஒரு கார்பன் அலகை அரசிடம் ஒப்படைக்க வேண்டும். புதிதாகக் காடு வளர்ப்பவருக்கு, அந்தக் காடு உறிஞ்சும் ஒவ்வொரு டன்னுக்கும் ஓர் அலகு கிடைக்கும். அதை அவர் ஆலைக்கு விற்கலாம். ஆலை தன் கணக்கில் எவ்வளவு பங்கை மரத்தைக் காட்டிக் கழிக்கலாம் என்பதற்கு உச்சவரம்பு எதுவும் வைக்கப்படவில்லை. உமிழ்வு வணிகம் நடத்தும் மற்ற நாடுகளில் இப்படிக் கதவை முழுக்கத் திறந்து வைத்த இடம் அபூர்வம்.

2022இல் ஓர் அலகின் விலை 80 நியூசிலாந்து டாலரைத் தாண்டியது. ரேடியாட்டா பைன் வேகமாக வளரும். கலிஃபோர்னியக் கடற்கரையிலிருந்து வந்த மரம், நியூசிலாந்து மண்ணில் 28 ஆண்டுகளில் வெட்டுக்கு வந்துவிடும். நாட்டின் தோட்டக் காடுகளில் பத்தில் ஒன்பது பங்கு இதுதான். நட்ட முதல் பதினாறு ஆண்டுகளைச் சராசரி பார்த்தால், ஹெக்டேருக்கு ஆண்டொன்றுக்கு 20 டன்னுக்கு மேல் உறிஞ்சும். 80 டாலர் விலையில் அது 1,600 டாலர். அதே சரிவில் ஆடு மேய்த்தால் செலவு போக மிஞ்சுவது, நல்ல ஆண்டிலும் ஹெக்டேருக்குச் சில நூறு டாலர். 2017க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் மட்டும் இரண்டு லட்சம் ஹெக்டேருக்கு மேற்பட்ட ஆட்டு, மாட்டுப் பண்ணைகள் காடு வளர்ப்புக்காகக் கைமாறின என்று இறைச்சிப் பண்ணையாளர் அமைப்பு எடுத்த கணக்கு சொன்னது.

விற்ற விவசாயியைக் குற்றவாளி ஆக்குவது நியாயமல்ல. முரட்டுக் கம்பளியின் விலை விழுந்து பல ஆண்டுகள் ஆகின்றன. கத்தரிக்கும் கூலிக்குக்கூடக் கட்டுபடியாகாத பருவங்கள் உண்டு. ரோமத்தை வளரவிட்டால் ஆடு புழு வைத்துச் சாகும் என்பதற்காகவே, நட்டத்துக்குக் கத்தரித்தவர்கள் இருக்கிறார்கள். அறுபது வயது தாண்டியவர், பிள்ளைகள் ஆக்லாந்திலோ ஆஸ்திரேலியாவிலோ இருக்க, பண்ணைக்குக் கிடைக்காத விலை பைனுக்குக் கிடைக்கும்போது, பக்கத்துப் பள்ளத்தாக்கின் பள்ளிக்கூடம் நிலைக்க வேண்டுமே என்று விற்காமல் இருக்க வேண்டுமா? அப்படி ஒருவர் இருந்தால் அவரை வணங்கலாம். எல்லாரிடமும் அதைக் கேட்க முடியாது.

விவசாயிகள் வைக்கும் குறையில் ஒன்று கனமானது. 1984இல் ஆட்சிக்கு வந்த அரசு பண்ணை மானியங்களை ஏறக்குறைய அடியோடு நிறுத்தியது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1982இல், அங்கே 7 கோடி செம்மறிகள் இருந்தன. ஆளுக்கு 22 ஆடு. இன்று இரண்டரைக் கோடிக்கும் கீழ். இந்த வீழ்ச்சிக்குப் பைன் மட்டும் காரணமல்ல; பெரும்பங்கு மானியம் போனதாலும் பால்பண்ணைகள் பெருகியதாலும் வந்தது. ஆனால் சந்தை சொன்னபடி நடந்துகொள் என்று நாற்பது ஆண்டுகள் கேட்டுப் பழகிய குடும்பங்கள், இப்போது தங்கள் நிலத்தை வாங்க வரும் பணம் சந்தையில் பிறந்தது அல்ல, அரசு எழுதிய ஒரு விதியில் பிறந்தது என்று காண்கின்றன. 2021 ஜூலையில் டிராக்டர்களோடு நாடு முழுவதும் ஊர்த் தெருக்களை அடைத்துக்கொண்டு அவர்கள் வந்தபோது, பல கோபங்களுள் இதுவும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது.

ஆனால் ‘விளைநிலம்’ என்ற சொல்லை அவர்கள் சொல்லும் அதே கனத்தோடு அப்படியே ஏற்க முடியாது. அந்தப் புல்வெளிகளில் பெரும்பாலானவை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அடர்ந்த சொந்த வனம். குடியேறியவர்கள் வெட்டி, தீ வைத்து, சாம்பலில் புல் விதைத்தார்கள். நிலத்தின் மூத்த உரிமையாளர்களான மாவோரி மக்களிடமிருந்து பல இடங்களில் அது போரிலும் பறிமுதலிலும் பிடுங்கப்பட்டது. இன்னொன்றும் உண்டு. நாட்டின் மொத்தப் பசுங்குடில் வாயு உமிழ்வில் ஏறத்தாழப் பாதி வேளாண்மையிலிருந்து, முக்கியமாகக் கால்நடைகள் விடும் மீத்தேனிலிருந்து வருகிறது. அதற்கு விலை வைக்க வந்த ஒவ்வொரு முயற்சியையும் விவசாய அரசியல் இதுவரை தடுத்தோ தள்ளிப்போட்டோ வந்திருக்கிறது. தம் கணக்கைத் தீர்க்காதவர் அடுத்தவர் கணக்கைக் கேட்கும்போது குரல் கொஞ்சம் இறங்கத்தான் வேண்டும்.

கிழக்குக் கரையான டைராவிட்டி அதைவிடக் கடினமான பாடத்தை வைத்திருக்கிறது. அங்கே மலை என்பது கெட்டிப் பாறையல்ல. மழையில் கரையும் களிப்பாறை. வனம் போனபின் புல்லின் வேர் அதைப் பிடித்து நிறுத்தவில்லை. 1988 மார்ச்சில் போலா புயல் வந்தபோது சரிவுகள் தோல் உரிந்ததுபோல் இறங்கின. மண்ணைக் காக்க 1992இல் அரசே பணம் கொடுத்து மரம் நடச் சொன்னது. நட்டது பெரும்பாலும் பைன். அன்று அது கருணையான முடிவு, சரியான முடிவும்கூட. வளர்ந்து நின்றவரை வேர் மண்ணைப் பிடித்தது. முதிர்ந்ததும் சரிவு சரிவாக மொத்தமாக வெட்டினார்கள். விலைபோகும் தண்டு சீனாவுக்குக் கப்பல் ஏறியது. விலைபோகாத நுனியும் கிளையும் உடைசலும் சரிவிலேயே கிடந்தன. 2018 ஜூனில் டொலாகா வளைகுடாவில் பெய்த மழை அவற்றை ஆற்றோடு இழுத்துவந்து கரையில் குவித்தது. மணலே தெரியாத அளவுக்கு, பட்டை உரிந்த கட்டைகள், எலும்புபோல் வெளுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக. 2023 ஜனவரியில் கிஸ்பர்ன் கடற்கரையில் அப்படியொரு கட்டை மோதி ஒரு சிறுவன் இறந்தான். அடுத்த மாதமே கேப்ரியல் புயல். கட்டைகள் பாலங்களில் சிக்கி அணைபோல் நீரைத் தடுத்தன. பாலம் போனது, வேலி போனது, ஆற்றோரச் சமவெளியில் சேறு படிந்தது. முன்னாள் அமைச்சர் ஹெக்கியா பராடா தலைமையில் அமைந்த விசாரணைக் குழு, இப்படிப் பெருந்திரளாக வெட்டுவதை அந்தப் பகுதியில் உடனே நிறுத்தச் சொன்னது.

இந்தக் கதையிலிருந்து மரத்தின் மீது பழி போட்டால் தப்பு. மலையைக் காக்க மரம் வேண்டும். ஆடு அந்தச் சரிவுக்குத் திரும்புவதால் எதுவும் சரியாகாது. எந்த மரம், எந்தச் சரிவில், யார் காவலில், எத்தனை காலம் என்பதை நிலத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் வரவைப் பார்த்து முடிவு செய்ததில்தான் கோளாறு. சொந்த வன மரங்கள் மெதுவாக வளர்பவை, நடச் செலவு பல மடங்கு. டன்னுக்கு இவ்வளவு என்று எடைபோட்டு வாங்கும் தராசில் அவை எப்போதும் தோற்கும்.

ஆனால் பெரிய அநியாயம் அந்தச் சரிவில் நடக்கவில்லை. அது ஆலையின் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. நிலக்கரியும் பெட்ரோலும் எரிந்து வரும் கரியில் ஒரு பகுதி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் காற்றில் தங்கும். அதை ஈடுசெய்ய நிற்கும் மரம் தீப்பிடிக்கும், புயலில் சாயும், நோய் வந்தால் கருகும். கடன் கல்லில் எழுதியது. அதற்கு ஈடாகக் காட்டுவது பச்சைக் கொடி. நம் ஊர்களில் ஜாமீன் கையெழுத்துப் போட்டுச் சொந்த வீட்டை இழந்தவர்களைத் தெரியாதவர் இல்லை. கடன் வாங்கியவர் வசதியாக இருப்பார், கையெழுத்துப் போட்டவர் வாசலில்தான் ஜப்தி வரும். டைராவிட்டியின் பள்ளத்தாக்கு அப்படித்தான் யாரோ எரித்த பெட்ரோலுக்குப் பிணை நிற்கிறது. கையெழுத்துப் போடும்போது நிலத்தின் உரிமையாளரைக் கேட்டார்கள். பக்கத்து வீட்டாரை, பள்ளிக்கூடத்தை, ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருக்கும் ஊரை யாரும் கேட்கவில்லை. இன்னும் பிறக்காதவர்கள், அந்தக் காட்டை வெட்டி மறுபடி நடாவிட்டால் வாங்கிய அலகுகளைத் திருப்பிக் கட்ட வேண்டிய சுமையோடு அந்த நிலத்தைப் பெறப்போகிறார்கள்.

நாடாளுமன்றத்தின் சுற்றுச்சூழல் ஆணையர் சைமன் அப்டன் 2019இலேயே இதைச் சொல்லிவிட்டார். எரிபொருளின் கரியை மரத்தால் கழிக்கக் கூடாது. மரத்தை வேண்டுமானால் காற்றில் குறைந்த காலமே தங்கும் கால்நடை மீத்தேனுக்கு ஈடாக வைக்கலாம் என்பது அவர் யோசனையின் சாரம். கடனுக்கும் ஈட்டுக்கும் ஆயுள் ஒத்துப்போக வேண்டும் என்ற நேர்மை அதில் இருக்கிறது. அரசுகள் அதை எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்திருந்தால் ஆலையும் எண்ணெய் நிறுவனமும் உண்மையாகவே உமிழ்வைக் குறைக்க வேண்டி வந்திருக்கும். விவசாயியும் தன் ஆட்டின் மூச்சுக்குத் தன் நிலத்திலேயே பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும். இரு பக்கமும் விரும்பாத யோசனை.

உமிழ்வு வணிகத் திட்டத்தில் 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த திருத்தம் வேறு வழியில் போனது. நிலத்தை எட்டுத் தரமாகப் பிரிப்பது அங்கே வழக்கம். முதல் ஐந்து தரத்தில் முழுப் பண்ணையைப் பைனாக்கிக் கார்பன் அலகு வாங்குவதை அது தடுத்தது; ஆறாம் தரத்தில் ஆண்டுக்கு 15,000 ஹெக்டேர் என்று வரம்பு வைத்தது; விவசாயி தன் பண்ணையில் கால்பங்கு வரை நட்டுக்கொள்ளலாம். நல்ல மண் தப்பும், அது நல்லதே. ஏழாம் எட்டாம் தரம், அதாவது இடிந்து இறங்கும் சரிவுகள், தடைக்கு வெளியே. மாவோரி மக்களின் கையில் மிஞ்சியிருக்கும் நிலத்தில் பெரும்பகுதி இப்படிப்பட்ட கடைத்தர நிலம்தான். நல்லதைப் பிடுங்கிக்கொண்டு விட்டுவைத்தது அது. நிரந்தரக் காடு என்ற பிரிவிலிருந்து அயல் மரங்களை விலக்க 2022இல் அரசு யோசித்தபோது, கடைசியாக வருமானம் தரும் ஒரே வழியையும் அடைக்கிறீர்களே என்று அவர்கள் எதிர்த்தார்கள், அரசு பின்வாங்கியது. அந்த எதிர்ப்பைப் பேராசை என்று சொல்பவருக்கு அந்த நிலத்தின் வரலாறு தெரியாது. அவர்களுக்கு வழி வேண்டும் என்றால், சொந்த வனத்தை மெதுவாக மீட்பதற்கு, டன் கணக்குப் பார்க்காமல், பொதுப்பணத்திலிருந்து கொடுக்க வேண்டும். காட்டை வெட்டி வந்த செல்வத்தில் முழு நாடும் பங்கு வாங்கியிருக்கிறது. அந்தச் செலவும் முழு நாட்டினுடையது.

திருத்தம் தொடாத இடம், ஆலையின் கணக்குப் புத்தகம். உச்சவரம்பு இன்றும் இல்லை. உயிர்வழி மீத்தேனைத் தவிர்த்த மற்ற வாயுக்களில் நிகர உமிழ்வைச் சுழியமாக்க வேண்டும் என்று அந்த நாடு 2019இல் சட்டத்தில் எழுதிய ஆண்டு 2050. அலகின் விலை உச்சத்தில் இருந்த 2022இல் ஊன்றிய பைன் கன்றுகள் முதிர்ந்து வெட்டுக்கு வரும் ஆண்டும் அதுவே.