ஆசானுக்கு ஊதியம் தகுமா?

யூதப் பெருமக்களின் சமய அறிஞரை 'ரபி' என்பர். எபிரேய மொழியில் இச்சொல்லுக்கு 'என் ஆசான்' என்பது பொருள். அவரைப் பூசகர் என்று கருதுவோர் பலர். அது பொருந்தாது. எருசலேம் ஆலயத்தில் பலிச் சடங்குகளை நடத்தியோர் ஆரோன் வழிவந்த குருமார் ஆவர். அவர்தம் தகுதி பிறப்பால் வருவது. கி.பி. 70ஆம் ஆண்டில் உரோமானியர் அவ்வாலயத்தை அழித்தபின், சமூகத்தை நெறிப்படுத்தும் பொறுப்பு மறைநூல் கற்ற ஆசான்களைச் சார்ந்தது. இவர்தம் தகுதி கல்வியால் வருவது. கூட்டு வழிபாட்டிற்குப் பத்துப் பேர் கூடவேண்டும் என்பது அவர்கள் மரபு. அதனை நடத்த ரபி இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. உணவு, திருமணம், வாணிகம், வழக்கு ஆகியவற்றில் ஐயம் எழுங்கால் முறை இதுவெனக் கூறுவதும், கற்பிப்பதுமே அவர்தம் தலையாய பணிகள்.

அவ்வாறாயின், மறையறிவை ஊதியத்திற்கு வழங்கலாமா? இவ்வினா அம்மரபில் நெடுங்காலம் ஆராயப்பட்டது.

பண்டை ரபிகள் பலர் கைத்தொழிலால் வாழ்ந்தனர். யோகனான் என்பவர் காலணி தைப்பவர். ஈசாக்கு என்பவர் கொல்லர். தல்மூது நூலில் ஒரு நிகழ்ச்சி உண்டு. செல்வமும் தலைமையும் உடைய கமாலியேல், தாம் அவமதித்த யோசுவா என்னும் ரபியிடம் பொறை வேண்டி அவர் இல்லம் சென்றார். கறுத்திருந்த சுவர்களைக் கண்டு, அவர் செய்யும் தொழிலை அப்போதுதான் உணர்ந்தார். கற்றவர் படும் துயரை அறியாத உம்மைத் தலைவராகப் பெற்ற தலைமுறைக்குக் கேடு என்று யோசுவா இடித்துரைத்தார்.

பன்னிரண்டாம் நூற்றாண்டின் பேரறிஞர் மைமோனிதீசு, மறைக்கல்வியைப் பிழைப்பாக்குவதை வன்மையாகக் கண்டித்தார். எகிப்தில் மருத்துவராகத் தொண்டாற்றியே அவர் வாழ்ந்தார். ஆயினும், அதற்கு முன்னர் அவரைத் தாங்கியது தம்பி தாவீதின் வாணிக வருவாயே. அத்தம்பி இந்தியப் பெருங்கடலில் மூழ்கி மறைந்தபின் குடும்பச்சுமை அவர்மேல் வீழ்ந்தது. ஊதியம் பெறாத கல்விக்கும் பின்னால் எவரோ ஒருவருடைய உழைப்பு உண்டு என்பதை இதனால் அறிகிறோம்.

1391ஆம் ஆண்டுக் கொடுமைகளுக்குப் பின் மயோர்க்காத் தீவினின்றும் அல்சியர்சு நகரம் சென்ற சீமோன் துரான் என்னும் ரபியும் மருத்துவரே. அங்கே அத்தொழில் போதிய வருவாய் தரவில்லை. எனவே சமூகத்திடம் ஊதியம் பெற்றார். அது முறையே எனவும் நிறுவினார். அறிவுக்கு விலை இல்லை. வேறு தொழில் செய்யாது கைவிட்ட காலத்திற்கே ஈடு என்னும் விளக்கம் பின்னர் நிலைபெற்றது.

இது வெறும் சொற்சாலம் அன்று என்பது நம் கருத்து. தீர்ப்பினை விலைக்குப் பெற்றதாக எண்ணுவோர், தமக்கு உவப்பானதையே எதிர்பார்ப்பர். காலத்திற்கு ஈடு செய்ததாக உணர்வோர், உவப்பில்லாத உண்மையையும் கேட்கக் கடமைப்பட்டவராவர். ஊதியமே வேண்டா எனின், செல்வர் மக்களன்றிப் பிறர் ஆசானாதல் அரிது. ஆகவே, கொடுப்பவர் உரிமை கொண்டாடாமையும் பெறுபவர் உண்மையை மறையாமையும் ஒருங்கே அமையுமாயின், ஊதியம் அறத்திற்கு மாறாகாது. கற்பித்தவர்தம் இல்லத்துச் சுவர்களை நாம் என்றேனும் நோக்கியதுண்டா எனச் சிந்திப்போமாக.